இன்றைக்கு ஏன் வந்தீர்கள்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். அம்மாவின் பல்வலிக்காக ஊர் அரசு மருத்துவமனைக்குப் போயிருக்கிறீர்கள். பல் பிரிவின் வாசலில் எழுபது எண்பது பேர் நின்றிருக்கிறார்கள். வெளியே கடைவீதியில் ஆறு தனியார் கிளினிக்குகள். அவற்றில் பாதி காலியாகக் கிடந்தன என்கிறீர்கள். இலவசம் என்பதற்காகத்தான் இத்தனை பேர் இங்கே வருகிறார்களா, யார் சொல்லி வருகிறார்கள், ஏன் வலி முற்றும்வரை காத்திருக்கிறார்கள் என்பது கேள்வி. நடுவில் ஒரு வரியில், அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு என்றும், கூட்டத்தைப் பார்த்துவிட்டு அவர் ‘இரண்டு நாளாக வலி குறைந்துதான் இருக்கிறது, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொன்னதால் திரும்பிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் பல் மருத்துவன். இருபத்தேழு ஆண்டுகள் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். முதலில் ஒரு தாலுகா மருத்துவமனை, பிறகு தருமபுரிப் பக்கம் சில ஆண்டுகள், கடைசியில் ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனை. தொடக்க காலத்தில் ஒரு மூத்த மருத்துவர் எனக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தார். நாற்காலியில் வந்து உட்காருபவரிடம் ‘என்ன தொந்தரவு’ என்று கேட்ட கையோடு ‘இன்றைக்கு ஏன் வந்தீர்கள்’ என்றும் கேட்க வேண்டும். தொந்தரவு இரண்டு வருடமாக இருக்கும். அதை விட்டுவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்குச் சீட்டு வாங்க வரிசையில் வந்து நிற்கவைத்தது எது என்பது தனிக் கதை. கீழே எழுதுவது பெரும்பாலும் அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்களிலிருந்துதான். இதில் ஒரு குறை உண்டு. வந்தவர்களை மட்டுமே நான் பார்த்தேன். வராமலே வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர்களைப் பற்றி நான் சொல்வதையெல்லாம் ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இலவசம் என்பது காரணம்தான். அதில் சந்தேகம் வேண்டாம். வெளியே ஒரு பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து மேலே உறை போடச் சில ஆயிரங்கள் ஆகும். காப்பீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் விபத்தில் உடைந்த பல்லைத் தவிர வேறு பல்லைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் இலவச சிகிச்சைக்கு வருபவர் சும்மா வருவதில்லை. அவருக்கு ஒரு நாள் கூலி போகிறது, பஸ் செலவு ஆகிறது. கூட வருபவருக்கும் கூலி போகிறது. வேர் சிகிச்சை என்றால் இரண்டு மூன்று முறை வர வேண்டும். பிடுங்குவது என்றால் ஒரே நாளில் முடிந்துவிடும். கட்டடவேலைக்குப் போகும் ஒருவர் இந்தக் கணக்கை என்னைவிட வேகமாகப் போடுவார். ‘எடுத்துவிடுங்கள் சார்’ என்று அவர் சொல்லும்போது, பல்லின் அருமை தெரியாமல் சொல்கிறார் என்று இளம் வயதில் நினைத்து நிறைய அறிவுரை வழங்கியிருக்கிறேன். பல்லின் அருமையும் அவருக்குத் தெரியும், மூன்று நாள் கூலியின் அருமையும் தெரியும். எனக்கு முதலாவது மட்டும்தான் தெரிந்திருந்தது.

அதோடு, எங்களிடம் வந்து சேரும் முன்பே அவர் செலவு செய்துவிட்டுத்தான் வருகிறார். நம் ஊர்களில் முதல் பல் டாக்டர் மருந்துக்கடைக்காரர். ‘பல்வலிக்கு மாத்திரை’ என்று கேட்டால் வலி மாத்திரை இரண்டும் ஆன்டிபயாடிக் இரண்டும் கிழித்துக் கொடுப்பார். இரண்டு நாளில் அடங்கும். மூன்று மாதத்தில் திரும்ப வரும். அதே கடை, அதே மாத்திரை. நான்கைந்து சுற்று இப்படிப் போன பிறகு மாத்திரை கேட்காத ஒரு வலி வரும். அன்றைக்குத்தான் எங்கள் வரிசை. மருந்துக்கடைக்கும் முந்தியது வீட்டு வைத்தியம். கிராம்பைப் பற்றிக் குறைசொல்ல மாட்டேன். அதிலிருக்கும் யூஜினால் உண்மையிலேயே மரத்துப்போகச் செய்யும். தற்காலிக அடைப்புக்கு நாங்களும் அதைத்தான் துத்தநாக ஆக்சைடு தூளோடு குழைத்து வைக்கிறோம். ஆனால் கிராம்புத் தைலத்தை ஈறு முழுவதும் பூசினால் புண்ணாகும். எருக்கம்பால் வைத்து ஈறு வெந்து வந்தவர்களையும், வலி மாத்திரையை விழுங்காமல் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் அடக்கிவைத்து உள்கன்னம் வெள்ளையாகத் தோலுரிந்து வந்தவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்துப் புழு எடுப்பது இன்னொன்று. சொத்தைப் பல்லில் புழு கிடையாது என்பது உறுதி. ஆனாலும் வலி அடங்கியதாகச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அது ஏன் என்பதைச் சொல்ல வலி எப்படி நடந்துகொள்கிறது என்று கொஞ்சம் விளக்க வேண்டும்.

சொத்தை பல்லின் மேற்பூச்சிலும் அதற்கு அடுத்த அடுக்கின் தொடக்கத்திலும் இருக்கும்வரை வலி இராது. ஆழமாகப் போன பிறகு இனிப்பும் குளிர்ந்த தண்ணீரும் கூசும், எடுத்தவுடன் நின்றுவிடும். இந்த நிலையில் வந்தால் பெரும்பாலும் அடைத்து அனுப்பிவிடலாம். யாரும் வருவதில்லை. அடுத்ததாகக் கிருமி பல்லின் நடுவிலுள்ள நரம்பும் ரத்தக்குழாயும் கொண்ட கூழை எட்டும். அது வீங்க இடமில்லாத பெட்டி. சுற்றிலும் கெட்டிச் சுவர். அதனால்தான் அந்த வலி அப்படித் தெறிக்கிறது. படுத்தால் தலைக்கு ரத்த அழுத்தம் கூடுவதால் இன்னும் ஏறும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, வாயில் தண்ணீரை அடக்கியபடி விடியலுக்குக் காத்திருக்கும் வலி இதுதான். பிறகு ஒரு நாள் கூழ் செத்துப்போகும். வலி நின்றுவிடும். புகை போட்டவருக்கும், கோயிலில் நேர்ந்துகொண்டவருக்கும், மாத்திரை கொடுத்தவருக்கும் அந்த நாளில்தான் பெயர் கிடைக்கிறது. வேரின் நுனியில் சீழ் கட்டத் தொடங்குவதும் ஏறக்குறைய அப்போதுதான்.

ஆகவே ‘வலி முற்றும்வரை ஏன் காத்திருக்கிறார்கள்’ என்ற உங்கள் கேள்வியில் ஒரு சின்னத் திருத்தம். வலி ஒரே கோடாக ஏறுவதில்லை. வரும், போகும், மாதக்கணக்கில் காணாமல் போகும். அது இல்லாத நாட்களில் யாரும் மருத்துவமனைக்குப் போவதில்லை. இருக்கும் நாட்களில் வேலை இருக்கிறது.

இனி ‘இன்றைக்கு ஏன்’ என்பதற்கு வந்த பதில்கள். அதிகம் கேட்டது ‘ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை’ என்பது. வலி சோற்றைத் தடுத்தால் மறுபக்கம் மென்று சமாளிக்கிறார்கள். தூக்கத்தைத் தடுத்தால் சமாளிக்க முடியவில்லை. அதற்கு அடுத்தது முகவீக்கம். இதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். வலி அவருக்கு மட்டும் தெரிவது. வீக்கம் ஊருக்கே தெரிவது. கன்னம் வீங்கிய அன்று காலை தண்ணீர்க் குழாயடியில் நாலு பேர் ‘என்ன ஆச்சு’ என்று கேட்பார்கள், மேஸ்திரி ‘இப்படியே வந்து நிற்காதே, போய்க் காட்டிவிட்டு வா’ என்பார். அதுவரை தள்ளிப்போட அவருக்கு இருந்த உரிமை போய்விடுகிறது. வலியோடு வந்தவரைவிட வீக்கத்தோடு வந்தவர்தான் கூட ஆளை அழைத்துக்கொண்டு வருவார். இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன்: வீக்கம் தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் இறங்கி, விழுங்கக் கஷ்டமாகவோ மூச்சு வாங்கவோ செய்தால், அது பல் பிரிவின் வரிசையில் நிற்க வேண்டிய விஷயமே இல்லை. நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஒரு கடைவாய்ப் பல்லிலிருந்து தொடங்கி உயிரைக் குடிக்கக்கூடியது அது.

மற்ற பதில்கள் பலவிதம். ‘இன்றைக்குச் சந்தை, எப்படியும் டவுனுக்கு வர வேண்டியிருந்தது.’ ‘பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்தது.’ ‘மகன் ஊரிலிருந்து வந்திருக்கிறான், வண்டி இருக்கிறது.’ ‘அடுத்த வாரம் பெண் பார்க்க வருகிறார்கள்’ (முன்பல் கறுத்திருக்கும், ஆறு வருடத்துக்கு முன் மரத்திலிருந்து விழுந்தபோது அடிபட்டதாக இருக்கும்). ராணுவ ஆள்சேர்ப்புக்கு முந்தைய வாரங்களில் பையன்கள் கூட்டமாக வருவார்கள். அங்கே பற்களுக்குப் புள்ளி போட்டு எண்ணுகிறார்கள், குறைந்தது 14 புள்ளி வேண்டும் என்ற சேதி எப்படியோ அவர்களுக்குத் தெரிந்துவிடும். பொங்கல் முடிந்த வாரம் கரும்புக்குப் பலியான பற்கள். தீபாவளி முடிந்தால் முறுக்கு. அமாவாசை அன்று மட்டும் பல் எடுக்க வேண்டாம் என்பவர்கள் உண்டு. எனக்கும் அது கொஞ்சம் மூச்சு விடும் நாளாக இருந்ததால் நான் வாதாடியதில்லை.

பெண்களின் கதை தனி. நடுத்தர வயதுப் பெண்கள் தனக்காக வருவது குறைவு. பிள்ளையையோ மாமியாரையோ அழைத்துக்கொண்டு வருவார்கள். பிள்ளைக்குப் பார்த்து முடித்து, சீட்டில் எழுதிக் கொடுத்து, அவர் எழுந்து கதவு வரை போய்விட்டுத் திரும்பி, ‘சார், எனக்கும் இங்கே ஒன்று…’ என்று கன்னத்தைத் தொடுவார். இதற்கு நான் வைத்த பெயர் ‘கதவடிப் பல்’. என் பணிக்காலத்தில் நான் பார்த்த மிக மோசமான வாய்களில் பல, இப்படிக் கதவடியில் கேட்ட கேள்வியிலிருந்து தெரியவந்தவை. பிறகு நானே முந்திக்கொண்டு, ‘அம்மா, நீங்களும் உட்காருங்கள், பார்த்துவிடலாம்’ என்று சொல்லத் தொடங்கினேன். ‘எனக்குச் சீட்டு போடவில்லையே’ என்பார்கள். அந்தச் சீட்டு ஒரு காகிதம்தான். ஆனாலும் தனக்கென்று ஒன்று போட்டுக்கொள்ள அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

யார் சொல்லி வருகிறார்கள் என்று கேட்டீர்கள். சுவரொட்டியைப் பார்த்து வந்ததாக யாரும் என்னிடம் சொன்ன நினைவில்லை. ஏற்கெனவே வந்துபோன ஒருவர் சொல்லித்தான் வருகிறார்கள். அவர் சொல்வதும் ‘அங்கே நல்ல வசதி இருக்கிறது’ என்பதாக இராது. ‘ஊசி போட்டதே தெரியவில்லை’ என்பார். பல் மருத்துவத்தில் பயம்தான் பெரிய சுவர், அதில் ஒரு செங்கல்லைத் தெரிந்தவரின் வாய்தான் உருவ முடியும். ஒருமுறை ஒரே கிராமத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று பேராக ஒரு மழைக்காலம் முழுவதும் வந்துகொண்டிருந்தார்கள். விசாரித்தால், பூ விற்கும் ஒரு பாட்டி பல் எடுத்துக்கொண்டு போனவர், எடுத்த பல்லைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு வீடு வீடாகப் பூவோடு சேர்த்து அந்தக் கதையையும் விற்றிருக்கிறார். இதே வழியில் எதிர்மறையும் பரவும். கை தவறி ஒருவருக்கு வேர் உடைந்து அரைமணி நேரம் போராடினால், அந்த ஊர் ஆறு மாதத்துக்கு எட்டிப்பார்க்காது. மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போகும், பல்லைச் சுத்தம் செய்தால் ஆடத் தொடங்கும் என்பவையும் இப்படித்தான் ஊர் ஊராகப் போகின்றன. கண் பார்வைக்கான நரம்பு வேறு, மேல் பல்லின் நரம்பு வேறு. பார்வை போகாது, உறுதி. சுத்தம் செய்த பிறகு பல் ஆடுவதுபோல் தோன்றுவது உண்மை. அதுவரை ஈறு கரைந்துபோன பல்லைக் காரைதான் ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது.

இதுவரை சொன்னது தெருவிலிருந்து உள்ளே வரும் வழி. நீங்கள் பார்த்த கூட்டத்தில் நல்லதொரு பங்கு மருத்துவமனைக்கு உள்ளேயே மற்ற பிரிவுகளிலிருந்து வந்திருக்கும். கடைவீதிக் கிளினிக்குக்கும் மருத்துவமனைப் பல் பிரிவுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான், வெளியே நின்று பார்ப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. சர்க்கரை நோய்ப் பிரிவிலிருந்து வருவார்கள்: சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு நோய் முற்றும், ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும், இரண்டு பக்கமும் இழுக்கும் கயிறு அது. இதய வால்வு அறுவைக்கு முன் வாயில் சீழ் ஏதும் இல்லை என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி அனுப்புவார்கள். தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தொடங்கும் முன் வருவார்கள். கதிர் பட்ட தாடை எலும்பில் பிறகு பல் எடுத்தால் எலும்பு ஆறாமல் செத்துப்போகும் ஆபத்து இருப்பதால், எடுக்க வேண்டியதை முன்பே எடுத்து ஆற அவகாசம் தர வேண்டும். கர்ப்பிணிகள் வருவார்கள், ஈறில் ரத்தம் என்று. பிள்ளை பிறக்கும்வரை பல்லைத் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். நாலாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை சிகிச்சைக்கு வசதியான காலம், அவசரம் என்றால் எப்போதும் பார்க்கலாம்.

வழி தவறி வருபவர்களும் உண்டு. காதுவலி என்று காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போனால் காதில் ஒன்றும் இராது. கீழ்க் கடைவாய்ப் பல் காரணமாக இருக்கும். எதிர்த்திசையிலும் நடக்கும். முகத்தில் மின்னல் வெட்டுவதுபோல் வலிக்கும் நரம்பு நோயைப் பல்வலி என்று நினைத்து நல்ல பற்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துவிட்டு, நான்காவது பல்லுக்கு எங்களிடம் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கீழ்த்தாடை வலிக்கிறது, கொஞ்சம் நடந்தால் கூடுகிறது, உட்கார்ந்தால் குறைகிறது என்று சொன்ன ஒரு பெரியவரை, இதயத்தின் வலியாக இருக்குமோ என்று, பல்லைப் பார்க்காமலே இ.சி.ஜி. எடுக்க அனுப்பினேன். பல் சரியாகத்தான் இருந்தது. போலீசார் வயது நிர்ணயத்துக்கு அழைத்துவருவது, இரு சக்கர வண்டியில் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து தாடை உடைந்து வருவது இவையெல்லாம் தினசரி. பள்ளியில் விழுந்து பல் தெறித்த குழந்தையோடு வரும் ஆசிரியர்களுக்கு மட்டும் ஒரு விண்ணப்பம்: நிலைப்பல் என்றால் வேரைத் தேய்க்காமல், பாலில் போட்டு, முடிந்தால் அரைமணி நேரத்துக்குள் கொண்டுவாருங்கள். கைக்குட்டையில் சுற்றிக் காயவைத்துக் கொண்டுவந்த பல்லை வைத்துக்கொண்டு நாங்கள் பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை.

தருமபுரிப் பக்கம் இருந்தபோது வேறு ஒரு கூட்டம் பழகியது. வலியே இல்லாத பற்கள். பழுப்பும் காவியுமாகக் கறை படிந்தவை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமுள்ள பகுதி அது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே பெரும்பாலும் இதற்காகத்தான். குழந்தைப் பருவத்தில் பல் உருவாகும்போதே படியும் கறை என்பதால், பதினெட்டு வயதில் தண்ணீரை மாற்றினாலும் போகாது, எத்தனை பற்பசை போட்டாலும் போகாது. அந்தப் பிள்ளைகள் கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசுவார்கள். அவர்கள் வருவது கல்லூரிக்கு வெளியூர் போகும்போது, அல்லது திருமணம் பேசும்போது. ஊரில் எல்லோருக்கும் அதே பல் என்பதால் உள்ளூரில் அது நோயாகத் தெரிவதில்லை; வேறு ஊர்க்காரர் ஒருவர் பார்க்கும்போதுதான் தெரிகிறது. முகவீக்கத்தைப் பற்றிச் சொன்னேனே, அதே கதைதான்.

பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு நோயாளிகள் போகும் வழி கொஞ்சம் வேடிக்கையானது. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள அரசுப் பல் மருத்துவக் கல்லூரி 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பிரிவாகத் தொடங்கியது. வெகுகாலம் அரசிடம் இருந்தது அது ஒன்றுதான். சிதம்பரத்தில் இருந்த கல்லூரி பிறகு அரசின் கைக்கு வந்தது, புதுக்கோட்டையில் 2023இல் புதிதாகத் திறந்தார்கள். தனியார் கல்லூரிகள் நிறைய. அங்கே மாணவர்கள் தேர்வுக்கு முன் இத்தனை பல் எடுத்திருக்க வேண்டும், இத்தனை அடைத்திருக்க வேண்டும், இத்தனை பல் செட் கட்டியிருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. ஆகவே நோயாளி மாணவனைத் தேடுவதைவிட மாணவன் நோயாளியைத் தேடுவதுதான் அதிகம். விடுதிக் காவலாளி, மெஸ் சமையல்காரர், ஆட்டோக்காரர், தூரத்துப் பெரியப்பா என்று யாரும் தப்ப முடியாது. முழுப் பல்லும் இல்லாத ஒரு பெரியவர் கிடைத்துவிட்டால் இரண்டு மாணவர்கள் அவருக்காகச் சண்டை போடுவதை என் படிப்புக் காலத்திலேயே பார்த்திருக்கிறேன். அந்தச் சண்டையில் ஒரு பக்கம் நான். கிராமங்களில் முகாம் போட்டுக் கல்லூரிப் பஸ்ஸிலேயே அழைத்துவந்து திரும்பக் கொண்டுபோய் விடுவதும் உண்டு. கற்றுக்கொள்பவர்களின் கையில் பல்லைக் கொடுப்பதா என்று பயப்படுகிறவர்களுக்கு: மேலே ஆசிரியர் நின்று ஒவ்வொரு படியையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த படி. நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். எண்பது பேர் வாசலில் நிற்கும்போது நான் ஒரு பல்லுக்குக் கொடுக்க முடியாத நேரத்தை ஒரு மாணவன் கொடுப்பான்.

எனக்கு உறுத்தலாகவே இருந்துவந்த கூட்டம் ஒன்று உண்டு: புகையிலை, பாக்குப் போடுபவர்கள். அவர்களுக்கு வலி கிடையாது. ‘காரம் சேரவில்லை சார்’ என்று வருவார்கள், அல்லது ‘இட்லியைப் பிட்டுத்தான் வாயில் போட முடிகிறது’ என்று. தன் விரல் மூன்றைச் செங்குத்தாக வாய்க்குள் வைக்க முடியவில்லை என்றால் கன்னத்தின் உள்தோலுக்கு அடியில் நார் படிந்து இறுகிவிட்டது என்று பொருள். குட்காவைத் தமிழ்நாடு 2013இல் தடைசெய்தது. பொட்டலம் கிடைக்காமல் போகவில்லை என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களின் வாயைப் பார்த்தாலே தெரிந்தது. இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத வாய்ப்புண் வலித்தாலும் வலிக்காவிட்டாலும் காட்டப்பட வேண்டும். அது புற்றுநோயாக இருந்தால் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியை நம்பி வரும் ஒரு பழக்கத்தில் வலிக்காத நோய்க்குத்தான் அதிக இடம் கிடைக்கிறது.

இனி உங்கள் கேள்வியின் கடினமான பாதி. ஏன் முன்பே வருவதில்லை? அறியாமை என்று மேடைகளில் சொல்வோம், நானும் சொல்லியிருக்கிறேன். 2002–03இல் நாடு முழுவதும் நடந்த வாய்நலக் கணக்கெடுப்பில் 12 வயதுப் பிள்ளைகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கும், 35 முதல் 44 வயதினரில் ஐந்தில் நால்வருக்கும் சொத்தை இருந்தது. இத்தனை பேருக்கும் தங்கள் வாயில் ஓட்டை இருப்பது தெரியாமல் இல்லை. நாக்கு நாள் முழுவதும் அதைத்தானே தடவிக்கொண்டிருக்கிறது. எனக்கு இப்போது தோன்றுவது வேறு. இது கருத்துதான், நிரூபணம் அல்ல. சின்னச் சொத்தையோடு ஒருவர் முன்கூட்டியே வந்தால் எங்கள் பிரிவு அவரை எப்படி நடத்தியது என்று யோசித்துப் பார்க்கிறேன். வரிசையில் அவருக்கு முன்னால் முகம் வீங்கியவர், ரத்தம் வழிபவர், இரவெல்லாம் தூங்காதவர். பன்னிரண்டு மணிக்குள் எல்லோரையும் பார்க்க வேண்டும். வலி இல்லாதவருக்கு மாத்திரை எழுதி, ‘அடைக்க வேறொரு நாள் வாருங்கள்’ என்று அனுப்பியிருக்கிறேன். அவர் வேறொரு நாள் வந்தபோது அடைக்கும் பசை தீர்ந்திருக்கும், அல்லது காற்றுக் குழாய் பழுதாகியிருக்கும். மூன்றாம் முறை வருவாரா? வந்தார், ஒன்றரை வருடம் கழித்து, பிடுங்குவதற்கு. அன்றைக்கு மட்டும் அவருக்கு உடனே வேலை நடந்தது. முன்பே வந்தால் அலைச்சல், முற்றிய பிறகு வந்தால் சிகிச்சை என்ற பாடத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது எந்த நாட்டுமருந்தும் அல்ல, என் மேசைதான். அதை வீட்டிலும் தெருவிலும் அவர் சொல்லியிருப்பார். பூக்காரப் பாட்டியின் கதை பரவிய அதே வழியில்.

பள்ளிப் பரிசோதனைகள் இதை மாற்றுமா என்பதில் எனக்கு உறுதி இல்லை. பள்ளிக்குப் போகும் மருத்துவக் குழுக்கள் பல்சொத்தையையும் பார்த்துக் குறித்துக் கொடுக்கிறார்கள். அந்தச் சீட்டோடு எங்களிடம் வந்தவர்களை எண்ணினால், குறித்துக் கொடுத்தவர்களில் சிறு பகுதி என்றுதான் என் அனுபவம் சொல்கிறது. ஒரு வருடம் மட்டும் நிலைமை நன்றாக இருந்தது. ஒரு தலைமை ஆசிரியை சனிக்கிழமைகளில் தானே பத்துப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல்லையும் விழுந்து முளைக்கும் என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். அது விழாது, அதுதான் ஆயுளுக்கும். அந்த வருடம் அப்படிப்பட்ட பற்களில் கணிசமானவற்றை அடைத்துக் காப்பாற்றினோம். அவர் மாறுதலாகிப் போனதும் நின்றுவிட்டது.

இனி உங்கள் அம்மா. வலி இரண்டு நாளாகக் குறைந்தது நல்ல சேதியாக இருக்கலாம். ஆனால் மேலே எழுதியதைப் படித்திருந்தால் நான் எதற்குப் பயப்படுகிறேன் என்று தெரிந்திருக்கும். பார்க்காமல் நான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அவர் இரவில் எழுந்து உட்காரும் அளவுக்கு வலித்து, பிறகு மருந்தில்லாமல் தானாக அடங்கியிருந்தால், பல்லின் உயிர் போயிருக்க வாய்ப்பு அதிகம். சர்க்கரை உள்ளவருக்கு அதன்பின் வரும் சீழ் வேகமாகப் பரவும். அடுத்த வாரம் வேண்டாம். திங்கள்கிழமையைத் தவிர்த்துவிட்டு இந்த வாரத்திலேயே ஒரு நாள், சீட்டுக் கொடுக்கத் தொடங்கும் நேரத்துக்குப் போய்விடுங்கள். பலர் பல் எடுப்பதை ஆபரேஷன் என்று நினைத்து வெறும் வயிற்றோடு வந்து மயங்கி விழுகிறார்கள்; அம்மா காலைச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, வழக்கமான சர்க்கரை மாத்திரையையும் போட்டுக்கொண்டு வரட்டும். சர்க்கரை நோட்டையும், அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை சாப்பிட்டால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். ‘எடுத்துவிடலாம்’ என்று சொன்னால், காப்பாற்ற முடியுமா, முடியுமென்றால் எங்கே செய்வார்கள் என்று ஒருமுறை கேளுங்கள்; பக்கத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருந்தால் அங்கே எழுதிக் கொடுப்பார்கள். இடையில் கன்னமோ தாடையோ வீங்கினால், காய்ச்சல் வந்தால், வாய் திறக்கக் கஷ்டமானால் நாள் பார்க்க வேண்டாம், அன்றே போங்கள். அப்படியே, அம்மாவுக்குச் சீட்டு போடும்போது உங்களுக்கும் ஒன்று போட்டுவிடுங்கள்.